ஒரு பக்கம் ஒட்டிய கப்பல்

தம்பி கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று மருந்துக்கடைப் பெரியவர் முதன்முதலில் சொன்னபோது அவருக்கு எதிரே சுவரில் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. இருமல் மருந்து கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. பாய் விரித்த ஒரு பெரிய கப்பல் அதில் நுரையைக் கிழித்துக்கொண்டு போனது.

"என்ன சார், தம்பியக் கொஞ்ச நாளாக் கடைப் பக்கமே காணோம்?" என்று வாடிக்கைக்காரர் ஒருவர் கேட்டார். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். கண் காலண்டரில் பட்டது. வாய் அதைப் பிடித்துக்கொண்டது.

"கப்பல்ல வேலை கெடைச்சிருக்கு. போயிட்டான்."

"அடேங்கப்பா! மூச்சே விடலையே நீங்க!"

"திடீர்னு வந்த வேலை."

அவ்வளவுதான். டாக்டர் எழுதிய சீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காத மனிதர், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சீட்டில்லாமல் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியவில்லை. அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தம்பி மகள், பையைக் கழற்றாமலே கேட்டாள், "பெரியப்பா, அப்பா கப்பல்லயா இருக்கார்? என்கிட்ட ஏன் சொல்லல?"

தம்பி இருந்தது ஜெயிலில். கடை வண்டியில் வெளியூர் மருத்துவமனைக்கு மருந்து இறக்கப் போனவன், இறக்கிவிட்டுக் குடித்தான். குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு தச்சர் அந்தச் சாலையிலேயே செத்துப்போனார். வழக்கு அந்த ஊரிலேயே நடந்து தண்டனையும் அங்கேயே ஆனது. தீர்ப்பு வந்த அன்று பெரியவர் நீதிமன்றத்தில் இருந்து நேரே அந்தத் தச்சர் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றார். யாரும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாதுதான் என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பேருந்து ஏறினார். தம்பிக்குத் தண்டனை அதிகம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. குறைத்துக் கேட்க ஒரு வக்கீலும் வைக்கவில்லை.

ஆனால் கடைக்கு மேலே பலகையில் இருப்பது அப்பாவின் பெயர். விளக்குக் கம்பம் விழுந்தாலும் அந்தப் பலகை கோணாது என்று ஊரில் சொல்வார்கள். ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஜனம் தேடி வந்து தட்டுகிற கதவு அது. இந்தக் கடையில் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற ஒரு நம்பிக்கையை இரண்டு தலைமுறை சேர்ந்து கட்டியிருந்தது. ஒருவன் குடித்துக் கெட்டான் என்பதற்காக அதைத் தெருவில் போட்டு உடைக்க வேண்டுமா? பெரியவர் அப்படித்தான் நினைத்தார். முதுகை நேராக வைத்துக்கொண்டே நினைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அடிஸ்கேல்'.

தம்பி மகள் கடையிலும் வீட்டிலும் 'சிட்டு'. எட்டு வயது. ஒருநாள் வகுப்பில் அப்பா வேலை பார்க்கும் இடத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். இவள் கப்பல் வரைந்திருக்கிறாள்.

"வாளி மாதிரி இருக்காம். எல்லாரும் சிரிக்கறாங்க பெரியப்பா. கப்பல் நெஜமா எப்படி இருக்கும்?"

பெரியவர் கடலையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் கரையில் செருப்போடு நின்று பார்த்தார். ஆனால் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றே பொம்மைக் கடைக்குப் போய், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் இருந்த மரக்கப்பல் பெட்டியைக் கை காட்டினார். மூன்று பாய்மரம். உள்ளே துண்டு துண்டாக மரம். நாமே ஒட்டிச் செய்துகொள்ள வேண்டும்.

"சார், மொத தடவையா?" என்றார் கடைக்காரர். "இது கொஞ்சம் இழுக்கும். சின்னப் படகு ஒண்ணு இருக்கு, அதுல கை பழகிட்டு..."

"எங்களுக்குப் படகு வேணாம். கப்பல்தான் வேணும்."

கடைக்காரர் பெட்டியை இறக்கி வைத்தார்.

சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து இருவரும் பெட்டியைப் பிரித்தார்கள். நடுவில் நீளமாக ஒரு கட்டை, முதுகெலும்பு மாதிரி. அதில் வெட்டிவைத்த இடுக்குகளில் செருக, விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்கள். அவற்றின் மேல் போர்த்த, வெற்றிலைக் காம்பு அகலத்தில் நீள நீளமான மரப்பட்டைகள் ஒரு கட்டு. கூடவே நூல், துணி, ஊசி மாதிரி ஆணிகள். செய்முறைப் புத்தகம் எந்த நாட்டு மொழியிலோ இருந்தது. படங்கள் மட்டும்தான் துணை.

"பெரியப்பா, நீங்க புத்தகத்தைத் தலைகீழா வெச்சிருக்கீங்க."

"தெரியும். நீ கவனிக்கறியான்னு பாத்தேன்."

"பொய்."

"பெரியவங்களைப் பொய்னு சொல்லக் கூடாது."

"சரி. பொய்யில்ல. ஆனா தலைகீழா இருக்கு."

அடுக்களையில் இருந்து சிட்டுவின் அம்மா சிரித்த சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அது கேட்டு வெகு நாளாகியிருந்தது. பெரியவர் புத்தகத்தைத் திருப்பி வைத்தார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கடை சாத்தி வந்ததும் முகம் கழுவிக்கொண்டு மேசைக்கு வருவார். சிட்டு அதற்குள் வீட்டுப்பாடத்தை முடித்து, பட்டைகளை வெந்நீர்த் தட்டில் ஊறப்போட்டிருப்பாள். ஊறினால்தான் வளையும். வளைத்து, பசை தடவி, விலாவோடு சேர்த்துத் துணி கிளிப்பால் கவ்விவிட வேண்டும். பெரியவர் கடையிலிருந்து இடுக்கியும், களிம்பு கலக்கும் தட்டைக் கரண்டியும் கொண்டு வந்தார். பசையைக் களிம்பு மாதிரியே கண்ணாடித் துண்டில் குழைத்தார். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் இழுத்துப் பிடித்தால் பட்டை முறியும். அவள் பிடித்தால் வழுக்கும். விரலோடு விரல் ஒட்டிக்கொண்டு ஒருநாள் இருவரும் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிட்டுவின் அம்மா எண்ணெய் ஊற்றிப் பிரித்துவிட்டாள்.

"மாமா, நீங்களுமா சின்னப் பிள்ளையாயிட்டீங்க?"

"பசை தரமான பசைம்மா. வேற ஒண்ணுமில்ல."

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. "அப்பா எந்த இடத்துல தூங்குவார்?" பெரியவர் இடுக்கியால் பின்பக்கத்தில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். "மழை பெஞ்சா?" "மேல தட்டு இருக்கில்ல, அது மூடிக்கும்." "அப்பாவுக்கு வாந்தி வராதா? பஸ்ல போனாலே அப்பாவுக்கு வருமே?" "நம்ம கடை மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கேன்." ஒரு பொய் சொல்லும்போது உறுத்தியது. பத்தாகி இருபதானபோது உறுத்தல் தேய்ந்துபோய், தம்பி உண்மையிலேயே எங்கோ ஒரு கடலில், நல்ல காற்றில், உழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது போல அவருக்கே ஒரு நிம்மதி வந்தது.

அந்த நிம்மதியில் கை வைத்தவள் தம்பி மனைவிதான். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அவள் ஜெயிலுக்குப் போய்க் கணவனைப் பார்த்துவிட்டு வருவாள். சிட்டுவிடம் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போவாள். பெரியவர் ஒருமுறைகூடப் போனதில்லை. அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்தவள், சிட்டு மாடியில் இருந்த நேரமாகப் பார்த்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, அவர் பாப்பாவைப் பாக்கணும்ங்கறார்."

பெரியவர் செய்தித்தாளை மடித்தார்.

"வேற எதுவும் கேக்கல. ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வான்னு அழறார். மெலிஞ்சு போயிட்டார் மாமா."

"நம்ம வீட்டுப் பொண்ணு ஜெயில் வாசல்ல வரிசையில நிக்கறதா? நீ யோசிச்சுத்தான் பேசறியா?"

"அப்பாவைப் பாக்கத்தானே..."

"நாளைக்கு அவளைப் பொண்ணு கேட்டு வர்றவன் இதைக் கேட்டா வருவானா? குடிச்சது அவன். அதுக்கு அவ ஏன் தலை குனியணும்? அவன் வெளிய வரட்டும், வந்து மனுஷனா நிக்கட்டும். அப்பப் பாத்துக்கலாம்."

அவள் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். முந்தானையை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். ஆனால் போகும்போது ஒன்று சொன்னாள். "அதுக்குள்ள அவ வளந்துடுவா மாமா. குழந்தையா இருக்கறப்ப மன்னிச்சுடுவாங்க. வளந்துட்டா அப்படி இல்ல."

பெரியவருக்கு அது அன்று விளங்கவில்லை. விளங்காததற்கு ஒரு காரணமும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்து வியாபாரிகள் சங்கத் தலைவர் மனைவியோடு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தலைவர் ஓய்வு பெறப் போகிறார். அடுத்த தலைவராக இருக்கச் சொல்லிப் பெரியவரைக் கேட்கத்தான் வருகிறார் என்று கடைத்தெருவில் பேச்சு. பெரியவர் வரவேற்பறையின் திரைகளைத் துவைக்கச் சொன்னார். கப்பலைப் பற்றியும் ஒரு முடிவெடுத்தார்.

"சிட்டு, ஞாயித்துக்கிழமைக்குள்ள கப்பல் மேல பட்டை முழுக்க ஒட்டியாகணும். முன்னறை மேசையில வைக்கப் போறோம்."

"முடியாது பெரியப்பா. இதுவரைக்கும் நாலு பட்டைதான் ஏறியிருக்கு."

"இந்தப் பக்கம் மட்டும் முடிச்சா போதும். வர்றவங்க பாக்கறது இந்தப் பக்கம்தானே? அந்தப் பக்கம் சுவரப் பாத்து இருக்கப்போகுது."

சிட்டு புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். "படத்துல பாருங்க. இங்க ஒண்ணு, அப்புறம் அங்க ஒண்ணு. மாத்தி மாத்தி ஒட்டறாங்க."

"அது அவங்க பழக்கம்."

"ஒவ்வொரு படத்துலயும் அப்படித்தான் இருக்கு."

"ஏம்மா பெரிய மனுஷி, நாம என்ன தப்பு செய்யறோம்? எப்படியும் ஒட்டப்போற பட்டைதானே. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு பட்டைகளை ஊறப்போட்டாள். அந்த வாரம் முழுக்க இருவரும் ஒரே பக்கத்தை ஒட்டினார்கள். மேலிருந்து கீழ் வரை இடைவெளி தெரியாமல், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ்கூடப் பூசியாகிவிட்டது. வழுவழுவென்று பழுப்பாக மின்னியது. மறுபக்கம் மட்டும் விலா எலும்பு தெரிய, பட்டினி கிடந்த நாய் மாதிரி இருந்தது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முன்னறை மேசையில் வைத்தார் பெரியவர்.

சங்கத் தலைவர் தும்பைப்பூ மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மனைவி கையில் பழக்கூடை. டீ வந்தது, பிஸ்கட் வந்தது, சர்க்கரை நோயைப் பற்றிய பேச்சு வந்தது. பிறகு தலைவரின் கண் கப்பலில் விழுந்தது.

"அட! என்ன சார் இது, கப்பலா? யார் செஞ்சது?"

"நானும் குழந்தையும்."

"தம்பி போயிருக்கறது இந்த மாதிரிக் கப்பல்லதானோ?"

"இதே மாதிரிதான்" என்றார் பெரியவர். நாக்கு புரளவே இல்லை. கதவோரம் நின்ற சிட்டுவின் தலையைத் தலைவரின் மனைவி தடவினாள். "அப்பா எப்பம்மா வர்றார்?" என்று கேட்டாள். சிட்டு பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு, "கப்பல் கரைக்கு வந்ததும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தலைவர் யார் என்ற பேச்சை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. பெரியவரும் கேட்கவில்லை. வாசல்வரை போய் வழியனுப்ப சிட்டுவை அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து சிட்டு அவரைக் கப்பல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கப்பல் மூக்குக்கு நேரே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அவரையும் அப்படிப் பார்க்கச் சொன்னாள்.

கப்பல் வளைந்திருந்தது. ஈரத்தோடு ஒட்டிய பட்டைகள் காயக் காயச் சுருங்கி, நடுக்கட்டையைத் தங்கள் பக்கமாக இழுத்துவிட்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில் பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை. முன்மூக்கும் பின்பக்கமும் வாழைப்பழம் மாதிரி ஒரே திசையில் திரும்பியிருந்தன. பெரியவர் இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். உள்ளே எங்கோ மரம் முனகியது. விட்டதும் பழையபடி வளைந்துகொண்டது.

"இது நேராப் போகாது பெரியப்பா. ஒரே இடத்துல சுத்திச் சுத்தி வரும்."

"அந்தப் பக்கம் ஒட்டினா சரியாயிடும்."

ஒட்டிப் பார்த்தார்கள். பட்டை ஒரு முனையில் சேர்ந்தால் மறுமுனையில் விரல் நுழையும் அளவு வாய் பிளந்தது. பெரியவர் கிளிப்புக்கு மேல் கிளிப்பாகப் போட்டார். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்து விழுந்தன. ஒன்று சிட்டுவின் கன்னத்தில் பட்டது. அவள் அழவில்லை, தேய்த்துக்கொண்டாள்.

"பிரிச்சுடலாம்" என்றாள்.

"பிரிக்கறதா? வார்னிஷ் போட்டாச்சு."

"பிரிச்சுட்டு மறுபடி ஒட்டலாம். மாத்தி மாத்தி."

அவருக்கு மனசே இல்லை. ஆனாலும் வெந்நீர்த் துணியைப் போட்டு ஊறவைத்து, களிம்புக் கரண்டியை இடுக்கில் விட்டு, முதல் பட்டையைக் கிளப்பினார். பாதியில் பிய்ந்தது. இரண்டாவது முழுசாக வந்தது. சிட்டு ஒவ்வொன்றையும் துணியில் துடைத்து வரிசையாக வைத்தாள்.

"பெரியப்பா, நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"அப்பா கப்பல்ல இல்லன்னு எனக்குத் தெரியும்."

கரண்டி நின்றது.

"அன்னைக்கு வந்த ஆன்ட்டி, செருப்பு மாட்டறப்ப அந்த அங்கிள்கிட்ட சொன்னாங்க. 'பாவம், தம்பி ஜெயில்ல இருக்கறது ஊருக்கே தெரியும்னு இவருக்குத் தெரியல, இப்பவும் கப்பல் கப்பல்ங்கறார்'னு. நான் பக்கத்துல நின்னேன். அவங்க கவனிக்கல."

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. ஊருக்கே தெரியும். அந்தக் காலண்டர் நாளிலிருந்து, மருந்து வாங்க வந்தவர்கள், 'தம்பி நல்லா இருக்காரா, கடல் எல்லாம் ஒத்துக்குதா' என்று கேட்டவர்கள், எல்லோரும் அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நடித்திருக்கிறார்கள். அவர் காவல் காத்தது ஆள் இல்லாத வீட்டை.

"உங்கம்மாகிட்ட கேட்டியா?"

"இல்ல. அம்மா அழுவாங்க." பட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பெரியப்பா. ஸ்கூல்ல ஒரு பையன் கேட்டான். உங்கப்பா ஜெயிலாமேன்னு. கப்பல்னு சொல்லிட்டு நிமிந்து நடந்து வந்துட்டேன்."

அதைக் கேட்டு அவருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. நம்ம வீட்டுப் பெண் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணம், அவள் கன்னத்தில் கிளிப் பட்ட சிவப்பு கண்ணில் பட்டது. எட்டு வயதுப் பிள்ளை, வீட்டில் அம்மாவிடமும் பெரியப்பாவிடமும்கூட மூடி வைத்துக்கொண்டு, இந்த இரண்டு நாளும் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

அன்றே அவர் அடுக்களை வாசலில் போய் நின்றார். அந்த இடத்துக்கு அவர் வருவதே அபூர்வம். தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வர்ற சனிக்கிழமை நானும் வர்றேன். பாப்பாவும் வரட்டும்."

அவள் நம்பாமல் பார்த்தாள். "நெஜமாவா மாமா?"

"அவனுக்கு முன்னாடியே தகவல் சொல்லிடு. தயாரா இருக்கட்டும்."

சிட்டுவிடம் அம்மாவே சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். குடித்தது, வண்டி, தச்சர், எல்லாம். சிட்டு கேட்டுக்கொண்டாள். ஒரு கேள்விதான் கேட்டாள், "அந்த சைக்கிள் தாத்தாவுக்குப் பொண்ணு இருக்கா?" இரண்டு பேர் என்றாள் அம்மா. சனிக்கிழமை சிட்டு தலையை வாரிக்கொண்டு, சொல்லாமலே ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அப்பாவைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று இருவரும் நினைத்தார்கள்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உயரமான சுவர். சுவரில் ஒரு பெரிய இரும்புக் கதவு, அதற்குள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. வெளியே வேப்ப மரத்தடியில் பெஞ்சுகள். கைப்பையும் சோற்றுப் பாத்திரமுமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. பெரியவர் வரிசையில் நின்றார். வாழ்க்கையில் யாருக்குப் பின்னாலும் நின்று பழகாதவர், லுங்கி கட்டிய ஒரு முரட்டு ஆளுக்குப் பின்னால் நின்றார். அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "மொத தடவையா பெரியவரே? கையில செல்போன் இருந்தா இப்பவே கொடுத்துடுங்க, உள்ள போனா சத்தம் போடுவாங்க" என்று நல்லதனமாகச் சொன்னார். பெரியவர் தலையாட்டினார்.

வாசல் காவலர் வயதானவர். பிள்ளைகளைக் கண்டால் பேசுகிற ஆசாமி போலிருந்தது. சிட்டுவைப் பார்த்துக் குனிந்தார்.

"யாரைப் பாக்க வந்திருக்கே பாப்பா? அப்பாவையா?"

சிட்டு நிமிர்ந்தாள். தோள் பின்னால் போயிற்று, முகவாய் மேலே எழுந்தது.

"இல்ல. எங்கப்பா கப்பல்ல இருக்கார். நாங்க சும்மா இந்தப் பக்கம் வந்தோம்."

கணீரென்று சொன்னாள். பெஞ்சுக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் யாருடையது என்று பெரியவருக்குத் தெரிந்தது. கல்லாவுக்குப் பின்னால் நின்று அவர் பேசுகிற குரல்.

"சிட்டு, என்னம்மா இது?" அம்மா அவள் கையைப் பிடித்தாள். "அப்பா உள்ள காத்திட்டிருப்பார். வா கண்ணு."

"நான் வரல."

"இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"பெரியப்பா கூட்டிட்டு வந்ததால வந்தேன். உள்ள வர மாட்டேன். அங்க நம்ம வீட்டு ஆளுங்க யாரும் இல்ல."

பெரியவர் அவள் முன்னால் குனிந்தார். முட்டி வலிக்க மண்ணில் ஒரு காலை ஊன்றினார். அந்த மனிதர் தெருவில் குனிந்து யாரும் பார்த்ததில்லை. "அம்மாடி, பெரியப்பா சொன்னது தப்பு. வா. ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டு வந்துடலாம். உங்கப்பன்டா."

"எல்லாரும் பாக்கறாங்க பெரியப்பா. எழுந்திருங்க" என்றாள் சிட்டு, தணிந்த குரலில். அவள் அவருக்காக வெட்கப்பட்டாள். அவர் எழுந்தார்.

தூக்கிக்கொண்டு போகலாம். கட்டாயப்படுத்தினால் வரத்தான் செய்வாள். ஆனால் அந்த முகத்தைக் கொண்டுபோய்த் தம்பியிடம் காட்டுவதா? தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போங்க மாமா. ஒருத்தர் இவகூட இருக்கணும். நான் போன தடவை பாத்தேன்" என்றாள். அவர் சின்னக் கதவுக்குள் குனிந்து நுழைந்தார்.

நீண்ட கூடம். நடுவில் இரண்டு கம்பி வலை, இடையில் ஒரு கை நீளம் வெற்றிடம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜனங்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி முன்கூட்டியே வந்து நின்றிருந்தான். முகம் மழித்து, தலையில் தண்ணீர் வைத்து வகிடெடுத்து வாரியிருந்தான். சட்டையை எப்படியோ மடிப்பு விழாமல் வைத்திருந்தான். அண்ணனைக் கண்டதும் அவன் கண்கள் அவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் தேடின.

"வாங்கண்ணா" என்றான். தேடிக்கொண்டே இருந்தான். "பாப்பா? வரிசையில நிக்கறாளா?"

பெரியவர் வலையைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சல் என்று சொல்லலாம். பரீட்சை என்று சொல்லலாம். வழியில் பேருந்து கெட்டுவிட்டது என்று சொல்லலாம். கேட்டவனும் நம்பிக்கொள்வான். வாய் வரைக்கும் வந்தது.

"வாசல் வரைக்கும் வந்தாடா. உள்ள வர மாட்டேன்னுட்டா."

தம்பி தலைமுடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"எல்லாம் தெரியுமா அவளுக்கு?"

"தெரியும்."

"கோவமா இருக்காளா?"

"கோவமா இருந்தா அழுதிருப்பா. அழல. நிமிந்து நிக்கறா."

தம்பி சிரிக்க முயன்றான். "அப்ப உங்களை மாதிரி."

"ஆமாடா" என்றார் பெரியவர். "என்னை மாதிரி."

பக்கத்தில் ஒரு கிழவி மகனிடம் பல்வலிக்கு என்ன வைப்பது என்று கத்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் அதைக் கேட்பது போல நின்றார்கள்.

"எப்படி இருக்கா அண்ணா? பாக்க?"

"நெடுநெடுன்னு வளந்துட்டா. முன்பல்லு ரெண்டும் விழுந்து முளைச்சாச்சு. கொஞ்சம் பெரிய பல்லா முளைச்சிருக்கு. சிரிச்சா நம்ம அப்பா மாதிரி இருக்கு. மரவேலை நல்லா வருது. என்னைவிட நல்லா ஒட்டறா."

"என்ன ஒட்டறா?"

கப்பல் என்ற சொல்லை அந்த வலைக்கு முன்னால் பெரியவரால் எடுக்க முடியவில்லை. தம்பியும் திரும்பக் கேட்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான், "அவளை வற்புறுத்தாதீங்க. தானாத் தோணறப்ப வரட்டும்."

"எனக்கே இவ்வளவு நாளாச்சுடா. அவளுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு எனக்குத் தெரியல."

மணி அடித்தது. தம்பியின் தோளை ஒரு வார்டர் தொட்டார். அவன் போகும்போது திரும்பி, அண்ணனை அல்ல, கூடத்தின் வாசலை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனான்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. தம்பி மனைவி பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு அங்கே இல்லை. சாலையோரத்தில், இரும்புக் கதவுக்கு முதுகைக் காட்டியபடி, பேருந்து வரும் திசையைப் பார்த்து நின்றிருந்தாள். ஏற்கெனவே வளர்ந்த ஒருத்தி மாதிரி நின்றிருந்தாள். பெரியவர் போய் அவள் பக்கத்தில் நின்றார். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்பாள் என்று காத்திருந்தார்.

"பெரியப்பா, தெரிஞ்சவங்க யாராவது நம்மளப் பாத்தாங்களா?"

அவர் அவள் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார். அவள் பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். தூரத்தில் பேருந்து தெரிந்தது.

"யாரும் பாக்கலம்மா" என்றார்.

சிட்டு தலையாட்டினாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பேருந்து நின்றதும் முதலில் ஏறி, மூன்று பேருக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.